திருவிருந்துக்கு வராதவன்

ஞானம்மாளின் கணவர் ஆசீர்வாதம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேன் மோதி இறந்தார். வேனை ஓட்டிய லோகநாதன் குடித்திருந்தான். சிறைக்கு ஜெபிக்க வந்தவர்கள் மூலம் அவன் விசுவாசத்துக்கு வந்தான். தண்டனை முடிந்ததும் வானகரத்தில் உள்ள சபையில் ஞானஸ்நானம் பெற்றான். அது ஞானம்மாள் போகும் சபை என்று பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. வேறு எங்காவது போய்விடப் பார்த்தான். அவன் இங்கேயே வரலாமா என்று சபையின் ஆயர் ஞானம்மாளிடம் வந்து கேட்டார்.

"வரட்டும் ஐயா. கோயில் இன்னா என் ஊடா?" என்றாள் அவள்.

ஞாயிறுதோறும் லோகநாதன் எல்லோருக்கும் முன்னால் வந்து கழிவறையைக் கழுவினான். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். எல்லோரும் முன்னால் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போனதே இல்லை.

ஒருநாள் ஆராதனை முடிந்து ஞானம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"ஏம்பா பந்திக்கு வரவே மாட்டேங்கிற?" என்றார் ஆயர்.

"இன்னும் கொஞ்ச நாள் போட்டும் ஐயா. நான் செஞ்சதுக்கு ஈடா இன்னும் ஒண்ணுமே செய்யல."

"ஈடு செஞ்சிட்டு வர்றவங்களுக்கா ஆண்டவரோட மேசை?"

லோகநாதன் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

ஞானம்மாளுக்கு மனம் குளிர்ந்தது. ஷேர் ஆட்டோவில் காட்டுப்பாக்கம் வந்து இறங்கும்வரை அந்தக் குளிர்ச்சி இருந்தது. வீட்டில் சேலை மாற்றும்போதுதான் அது என்னவென்று பிடிபட்டது. அவன் குனிந்து கழுவுவதைப் பார்ப்பதற்காகவே அவள் சீக்கிரம் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள். கையில் சேலையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பாவி என்று தன்னை எத்தனையோ முறை ஜெபத்தில் சொல்லியிருக்கிறாள். ஆனால் மனதுக்குள் பாவி என்றால் அது அந்தக் கடைசி வரிசையில் இருப்பவன்தான்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு. வரிசை வரிசையாக எல்லோரும் முன்னால் போனார்கள். ஞானம்மாள் எழுந்து பின்னால் நடந்தாள். வெளியே போகிறாள் என்று நினைத்து லோகநாதன் எழுந்து வழிவிட்டான்.

"வா," என்றாள்.

"எனுக்குத் தகுதி இல்லம்மா."

"எனுக்கு மட்டும் தகுதி கீதா? நீ கக்கூஸ் கழுவுறத பாத்து வாராவாரம் சந்தோசப்பட்டுகினு இருந்தேன். அத மன்சுல வெச்சிகினேதான் அப்பம் வாங்கித் தின்னேன்."

அவன் தலை நிமிரவில்லை. "என்னிய மன்னிச்சிட்டீங்களாம்மா?"

"இன்னிக்கி மன்னிக்கிறேன். நாளைக்கி முடியுமான்னு தெர்ல, திரும்பவும் ஆண்டவராண்ட கேக்கணும். ஆனா நான் முழுசா மன்னிக்கிற வரிக்கும் நீ காத்துகினு இருக்காத. உன்ன கூப்ட்டது நான் இல்ல, அவரு."

இருவரும் முன்னால் போய் அருகருகே முழங்காலிட்டார்கள். ஆயர் அப்பத்தை லோகநாதனின் கையில் வைத்தார். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாயில் போட்டான். சத்தமில்லாமல் தோள்கள் குலுங்கின.

ஞானம்மாளுக்குப் பெரிய நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை. கணவர் நினைவுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த முகம் இல்லை. காலையில் சவரம் செய்துகொண்டே தப்புத் தப்பாகக் கீர்த்தனை பாடுகிற முகம். லோகநாதன் அழுது முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே இருந்தாள்.