ஏழு ஐம்பது வண்டியில் வந்த குரல்கள்

புது நான்குவழிச் சாலை திறந்த மறுநாள் காலை, சொர்ணலட்சுமி திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டு எட்டு நாற்பதுக்கு ஒட்டன்சத்திரம் வந்து சேர்ந்தாள். அவளுடைய குரல் ஒன்பது மூன்றுக்கு வந்தது. இடையில் இருந்த இருபத்து மூன்று நிமிடமும் அவள் கண் மருத்துவமனையின் முன்கூடத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். டோக்கன் எண்ணைச் சொல்லி நோயாளிகளை உள்ளே கூப்பிடுவதுதான் பதினைந்து வருடமாக அவள் வேலை. குரல் இல்லாததால் கையை ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேருக்கும் அந்தக் கை தெரியவில்லை. ஒன்பது மூன்றுக்குக் குரல் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. "ஒண்ணாம் நம்பர் வாங்க" என்றாள். வேலை நடந்தது.

அவளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. பழைய பழனி ரோட்டில் பத்து வருடத்துக்கு மேல் பஸ்ஸில் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் அன்று உடம்பு முந்திக்கொண்டது, குரல் பிந்திக்கொண்டது. பிரிஸ்கில்லா டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்க, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நல்ல ரோடு உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டினார்கள். மாட்டுத் தரகர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர்கள் எந்தக் காலத்திலும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். கோயம்புத்தூர் கார்க்காரர்களுக்குப் பழைய ரோட்டோடு பழக்கமில்லை, அதனால் குரல் கூடவே வந்தது. டாக்டர்கள் ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். பிறகு அவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. குரலுக்கும் வண்டி மாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கயிற்றை விட்டால் தெரிந்த வழியில்தான் வரும். ஒன்பது மணிக்கு முன்னால் யாரையும் எதையும் கேட்பதில்லை என்று ஊர் பழகிக்கொண்டது. சாயங்காலம் வீடு திரும்பி இருபது நிமிடம் பேச்சில்லாமல் இருப்பதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

குரல்கள் வந்தது குருசாமியின் வண்டியில். புது ரோடு திறந்ததும் பஸ்கள் எல்லாம் அதற்கு மாறிவிட, பழைய ரோட்டு ஊர்களுக்காக டெப்போ விட்டுவைத்தது காலை ஏழு ஐம்பதுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வண்டி ஒன்றைத்தான். அதற்குக் கண்டக்டர் குருசாமி, டிரைவர் கிளெமென்ட். திண்டுக்கல்லில் நாலைந்து பேர் ஏறுவார்கள், ரெட்டியார்சத்திரத்தில் இறங்கிவிடுவார்கள், அப்புறம் காலி வண்டிதான் ஓடும். முதல் நாள், ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னால் புது ரோடும் பழைய ரோடும் பிரிகிற இடத்தில், ஏற ஆள் யாரும் இல்லாவிட்டாலும் பழக்க தோஷத்தில் குருசாமி விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். படிக்கட்டு லேசாக அமுங்கி அமுங்கி எழுந்தது. "செத்த தள்ளி ஒக்காருங்க", "அந்த ஜன்னலச் சாத்துங்க, தூசி அடிக்குது" என்று காலி இருக்கைகள் பேசத் தொடங்கின. ஊருக்குள் நின்று நின்று வந்த இந்த வண்டியை முந்திப்போன எட்டு ஐந்து புது ரோட்டு வேக வண்டியிலிருந்து குரல்கள் மட்டும் அங்கே இறங்கி இதற்காகக் காத்திருந்தன என்பது பிறகு தெரிந்தது. கிளெமென்ட் கண்ணாடியில் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், கியரை மாற்றினார். மூன்றாம் நாள் சிலுவை போடுவதை விட்டுவிட்டார். "ஏறுறாக, எறங்குறாக. நமக்கு என்னண்ணே" என்றார்.

குருசாமிக்கு அப்படி விட முடியவில்லை. இரண்டாவது வரிசையில் பேசிக்கொண்டு வந்தது அவருடைய மனைவியின் குரல். அந்தக் குரலை அவர் ஆறு வருடமாகத் தன் பக்கம் திரும்பிக் கேட்டதில்லை.

காரணமும் இந்த ரோடுதான். ஆறு வருடத்துக்கு முன்பு வரை சொர்ணலட்சுமி அவர் வண்டியில்தான் வேலைக்குப் போவாள். கண்டக்டர் பெண்டாட்டி என்ற உரிமையில் டிக்கெட் கேட்கமாட்டாள், அவரும் கூட்டம் குறைந்த பிறகு தன் கையிலிருந்து போட்டுக்கொள்வார். ஒரு பங்குனி மாதத்து வெயிலில், ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் தூரத்தில் ஒரு ஜீப்பும் காக்கிச் சட்டைகளும் தெரிந்தன. செக்கிங் என்று குருசாமி நினைத்துவிட்டார். டிக்கெட் போட நேரமில்லை. "செத்த எறங்கு சொர்ணம்" என்று மனைவியை நடுரோட்டில் இறக்கிவிட்டு விசில் கொடுத்தார். கிட்டே போனால் அது செக்கிங் ஜீப் இல்லை. புது ரோட்டுக்கு நிலம் அளக்க வந்தவர்கள், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணலட்சுமி மூலச்சத்திரம் வரை நான்கு கிலோமீட்டர் நடந்து அடுத்த வண்டி பிடித்தாள். அன்று இரவு குருசாமி தட்டில் சோறு விழுந்த சத்தம்தான் அவளிடமிருந்து வந்த பதில். அதற்குப் பிறகு அவர் வண்டியில் அவள் ஏறவுமில்லை, அவரோடு பேசவுமில்லை.

ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பேச வேண்டியது எல்லாம் ஓசூரில் வேலை பார்க்கும் மகன் யோகேஷ் வழியாகப் போயிற்று. அடுப்படியிலிருந்து அவள் போன் போட்டு, "ஒங்கப்பா பிரஷர் மாத்திரை போட்டாரான்னு கேளு" என்பாள். ஒரு நிமிடத்தில் கூடத்தில் குருசாமியின் போன் அடிக்கும். போட்டாச்சு என்ற செய்தி ஓசூர் போய் அடுப்படிக்குத் திரும்பும். நாகல் நகரில் அந்தச் சின்ன வீட்டுக்குள் பத்தடி தூரத்தைக் கடக்க ஒரு சொல் ஓசூருக்குப் போய் வந்தது என்றால் யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு ஓசூர் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது அந்தக் குரல் தினமும் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அதற்கும் வேறு வண்டி இல்லை, ரோஷம் பார்த்தால் ரோடு பிரிகிற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பக்கத்து இருக்கையில் பிரிஸ்கில்லா டீச்சரின் குரல். இரண்டும் ஒளிவு மறைவு இல்லாமல் பேசின. வழியில் குரல் என்ன பேசியது என்பது உடையவர்களுக்கு விடியற்காலைக் கனவு மாதிரி, பாதி நினைவிருக்கும், பாதி இருக்காது. குருசாமி டிக்கெட் மெஷினைத் துடைப்பது போல நின்று கேட்டார். இடது கடைவாய்ப் பல் வலிக்கிறது. குதிகால் வெடித்திருக்கிறது. ஒரு தடவையாவது ராமேஸ்வரம் போய்க் கடலில் காலை நனைக்க வேண்டும். அடுப்படி மேடையில் மறுநாள் கிராம்புத் தைலம் இருந்தது. அதற்கு அடுத்த நாள் குதிகாலுக்குக் களிம்பு இருந்தது. ஓசூர் வழியாக ஒரு கேள்வி வந்தது: பல் வலிக்கிற விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? "மருந்துக் கடையில சும்மா குடுத்தான்னு சொல்லு" என்றார் குருசாமி. பொய் சொல்லும்போது அவர் முகம் புதுமாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது, அதைப் பார்க்கத்தான் கூடத்தில் ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் அவர் கவனித்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் அந்தக் குரல் அடங்கிவிடும். மூலச்சத்திரம் வந்த பிறகுதான் மறுபடி பேசும். ஒரு நாள் டீச்சரின் குரல் கேட்டுவிட்டது, ஏன்க்கா இந்த எடத்துல மட்டும் பேசமாட்டேங்குறீங்க என்று.

"மரத்த எண்ணுவேன் டீச்சர். அன்னைக்கு எறக்கி விட்டாருல்ல, இதுவழியாத்தான் நடந்தேன். அறுவத்தோரு புளியமரம். ஒவ்வொரு மரத்துக்கும் நின்னு பாத்தேன், வண்டியத் திருப்பிக்கிட்டு வாராரான்னு."

"பஸ்ஸ எப்படிக்கா திருப்புவாரு?"

"திருப்ப முடியாதுன்னு எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தாவது காலு வலிச்சுச்சான்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல. அதுக்கு வண்டி எதுக்கு?"

குருசாமி வாயில் விசிலை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மரங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறு வருடமாக அவள் கோபம் டிக்கெட்டைப் பற்றியது என்று நினைத்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அன்று மூலச்சத்திரத்தில் விசில் கொடுக்க மறந்துபோனார், கிளெமென்ட்டாகவே நிறுத்தினார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். கேட்டால் குரல் பயந்துகொண்டு வராமல் போய்விடுமோ என்று தினமும் தள்ளிப் போட்டார். இப்படி இருக்கும்போதுதான் டெப்போவிலிருந்து உத்தரவு வந்தது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த கிளை மேலாளர் மலைச்சாமி, ரெட்டியார்சத்திரத்துக்கு மேல் ஆளில்லாமல் ஓடும் வண்டி எதற்கு என்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார், ஆள் இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி முதல் வண்டி நிற்கும். குரல்கள் வருகின்றன என்று குருசாமி சொல்லிப் பார்த்தார். மலைச்சாமி ராமநாதபுரத்துக்காரர், பழைய பழனி ரோட்டில் ஒரு நாளும் போனதில்லை. அவர் குரல் எப்போதும் அவரோடுதான் இருந்தது, அதனால் நம்பவில்லை.

வியாழக்கிழமை காலை குருசாமி எட்டு ஐந்து வண்டி நிற்கும் இடத்துக்குப் போனார். தினமும் போகிறவர்கள் நின்றிருந்தார்கள், ஓரத்தில் சொர்ணலட்சுமியும். அவள் பக்கம் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "நாளைக்கு ஆபீசர் வாராரு. ஆளில்லன்னா நம்ம வண்டி நின்னுரும். அப்புறம் ஒங்க பேச்சு எதுல வரும்னு எனக்குத் தெரியல." புது ரோட்டை விட்டுப் பழைய வண்டியில் ஏறவும் முடியாது, எல்லோரும் ஒன்பது மணிக்குள் வேலையிடத்தில் வருகைக்குக் கைரேகை வைக்க வேண்டும். பிரிஸ்கில்லா டீச்சர்தான் வழி சொன்னார்: "இதுக்கு என்ன யோசனை? துண்டு போட்டு எடம் பிடிப்போம்."

நம் ஊரில் ஜன்னல் வழியே துண்டு விழுந்த இருக்கை விழுந்ததுதான். அதை எடுத்துவிட்டு உட்கார யாருக்கும் மனம் வராது. வெள்ளிக்கிழமை ஏழு நாற்பதுக்கு வண்டியின் இரண்டு பக்கமும் நின்று போட்டார்கள். கைக்குட்டை, துண்டு, குடை, டிபன் பை, திருத்தாத நோட்டுக் கட்டு என்று விழுந்தது. டிக்கெட்டுக்கான சில்லறையைத் துணி முனையில் முடிந்திருந்தார்கள், குருசாமி அவிழ்த்து டிக்கெட்டைச் சொருகி வைத்தார். ஐம்பது இருக்கையில் நாற்பத்தொன்பது நிறைந்தது. கண்டக்டர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒன்று காலியாக இருந்தது. சொர்ணலட்சுமி கையில் கைக்குட்டையோடு ஜன்னலுக்கு வெளியே செத்த நேரம் நின்றாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டு ஐந்து வண்டிக்குப் போய்விட்டாள். குருசாமி காலி இருக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். உள்ளூர்ப் பயணிகள் துண்டுகளைப் பார்த்துவிட்டு ரெட்டியார்சத்திரம் வரை நின்றுகொண்டே வந்தார்கள்.

ரெட்டியார்சத்திரத்தில் மலைச்சாமி ஏறினார். வண்டியில் ஆள் இல்லை, ஆனால் இடமும் இல்லை. ஒரு கைக்குட்டையை ஒதுக்கி உட்காரப் போனார். "ஆள் இருக்கு சார்" என்றது இருக்கை. அடுத்ததற்குப் போனார். "ஆள் இருக்கு" என்றது டீச்சர் குரல், மூன்றாம் வகுப்பை அடக்குகிற தோரணையில். வேர்த்துப்போய் முன்னால் வந்து, துண்டு இல்லாத ஒரே இருக்கையில் குனிந்தார்.

"ஆள் இருக்குங்க. கண்டக்டர் வீட்டு ஆளு."

இரண்டாவது வரிசையில் குருசாமி தினமும் கேட்ட குரல் அது.

மலைச்சாமி எத்தனையோ வண்டிகளைச் சோதித்தவர். குரல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், விதி விதிதான். "சரி. டிக்கெட் எங்க?" என்றார். அந்த இருக்கைக்கு டிக்கெட் இல்லை. வண்டி சரியாக அந்த இடத்தில் போய்க்கொண்டிருந்தது, முதல் புளியமரம் ஜன்னலில் தெரிந்தது.

"போடல சார்" என்றார் குருசாமி. "எம் பொண்டாட்டி. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. அவ எறங்கமாட்டா."

மலைச்சாமி புத்தகத்தை எடுத்து, பயணச்சீட்டின்றி ஒரு குரலை ஏற்றி வந்ததற்காகக் குருசாமிக்கு மெமோ எழுதினார். கீழேயே, வண்டி நிறைந்து ஓடுகிறது, தொடரலாம் என்றும் எழுதினார். நின்றுகொண்டேதான் எழுதினார். குருசாமி கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலி இருக்கையின் பக்கம் குனிந்தார்.

"காலு வலிச்சுச்சா சொர்ணம்?"

நாலைந்து மரம் போயிற்று.

"வலிச்சுச்சு" என்றது குரல். பிறகு, "கிளெமென்ட் அண்ணன மெதுவாப் போகச் சொல்லுங்க."

அன்று குரல்கள் ஒன்பது பதினொன்றுக்குத்தான் ஒட்டன்சத்திரம் வந்தன. கண் மருத்துவமனையில் பதினெட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எட்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

ஏழு ஐம்பது வண்டி இன்னும் ஓடுகிறது. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒரு வண்டிக்குள் துண்டைப் போட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறிப் போகிறவர்களை வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், உள்ளூரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்டக்டர் பக்கத்து இருக்கையில் மட்டும் துண்டு இருக்காது. வண்டி எடுப்பதற்கு முன்பே அதில் ஒரு டிக்கெட் இருக்கும். மெமோவைச் சொர்ணலட்சுமி லேமினேட் செய்து காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

யோகேஷுக்கு அந்த மாதம் வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்றோ என்று பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து கிளம்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மா புளியமரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், எந்த மரத்தில் நிழல் இருந்தது, எந்த மரத்தில் செருப்பு அறுந்தது என்று. நாற்பத்திரண்டாவது மரத்தில் அப்பா குறுக்கிட்டு ஏதோ கேட்டார், அவள் அதற்கும் பதில் சொன்னாள். அறுபத்தொன்றும் முடியட்டும் என்று யோகேஷ் வாசலிலேயே நின்றான்.