சாஹிப்ஜான் வீட்டு விருந்தாளி

தோர்கரேஸ் கிராமத்தில் சாஹிப்ஜான் வீட்டு விருந்தறைக்குள் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த அந்நியப் படையின் குண்டு, தரைவிரிப்புக்கு இரண்டு முழம் மேலே நின்றது. விழவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. ஓர் ஆள் நீளம், சாம்பல் நிறம், வால் பக்கம் நான்கு தகடு. அந்த வருடம் லோகர் பள்ளத்தாக்கில் ஆப்பிள் அமோகமாகக் காய்த்து விலை படுத்துவிட்டிருந்தது. ஆப்பிள் பறிப்பும் குண்டு வந்ததும் ஒரே வாரம் என்பதால் ஊரார் இன்றைக்கும் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள், ஆப்பிளைப் பற்றிச் சற்றுக் கூடுதல் வருத்தத்தோடு.

குண்டு நின்றதற்குக் காரணம் சாஹிப்ஜானின் வாய் என்பதுதான் ஊரில் பெரும்பாலோர் எண்ணம். அன்று பொழுது சாயும் நேரத்தில் அவர் விருந்தாளியின் கையில் செம்புக் கூஜாவால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே மண் உதிர்ந்தது, உத்தரம் முறிந்தது, ஏதோ உள்ளே வந்தது. வந்தது யார், என்ன என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. பிறந்ததிலிருந்து அந்த அறைக்குள் நுழைந்த எவரிடமும் சொன்னதையே சொன்னார்: "வாங்க, வாங்க, எப்ப வேணாலும் வாங்க." அந்தச் சொல்லைக் கேட்டு உள்ளே வந்தவர் விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரரை அடிக்கமாட்டார், வீட்டுக்காரரும் விருந்தாளியை விரட்டமாட்டார். குண்டுக்கு இந்த வழக்கம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் மரியாதை தெரிந்த குண்டு.

கையில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தவன் பாஸ்குல். மலையில் துப்பாக்கிக் கூட்டத்துக்குத் தலைவன். பள்ளிக்கூடங்களை எரித்தவன், இரண்டு வருடம் முன்பு ஹிக்மத் வாத்தியாரைச் சுட்டவன். அந்த வாத்தியார் சாஹிப்ஜானின் மனைவி தோர்பெக்கையின் கூடப்பிறந்த அண்ணன். ஆனாலும் வாசலில் வந்து நின்று ரொட்டி கேட்டவனை இல்லையென்று அனுப்ப அந்த ஊரில் எவருக்கும் வழியில்லை, கேட்டவன் மச்சானைக் கொன்றவனாகவே இருந்தாலும். சாஹிப்ஜான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, "மூணு பேருக்கு மாவு பிசை" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குரலைச் சுவருக்கு அப்பாலிருந்தே கேட்டிருந்தாள். மாவைப் பிசைந்துகொண்டே, இந்தக் கூரை இவன் தலையில் விழாதா என்று வேண்டினாள். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். மாவு ஊறுவதற்குள் கூரை பிய்ந்தது. தன் புருஷனும் அதே கூரையின் கீழ்தான் கூஜாவோடு நிற்கிறார் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மாவுக் கையோடு ஓடினாள்.

பாஸ்குல் அன்று சாப்பிடவில்லை. கையை உதறிவிட்டு, கூட வந்த இருவரோடு மலையேறிவிட்டான். அவன் போகப்போக குண்டின் மூக்கு கடிகார முள் போல மெல்லத் திரும்பியதை சாஹிப்ஜான்தான் முதலில் கவனித்தார். அவன் வடக்கு மலையில் இருந்தால் மூக்கு வடக்கே பார்த்தது. எல்லை தாண்டிப் போனால் தென்கிழக்கே பார்த்தது. தாய்மார்கள் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூக்கு கடைத்தெருப் பக்கம் திரும்பியிருந்தால் அன்றைக்குப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கில் எரியாமல் மிஞ்சிய பெண்கள் பள்ளி இந்த ஊரில் மட்டும்தான்.

அந்த வாரமே வெளிநாட்டு அதிகாரி ஒருவர் வந்தார். வெயிலில் சிவந்த முகம், நல்ல மாதிரியான ஆள். யாரோ விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கவேண்டும், மன்னிப்புக்கு அடையாளமாக ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். குண்டைத் திருப்பி எடுத்துப் போவதாகச் சொன்னார். சிப்பாய்கள் கயிறு கட்டி லாரியில் பூட்டி இழுத்தார்கள், லாரிதான் பின்னால் வந்தது. சாஹிப்ஜான் அவர்களைப் பாவமாகப் பார்த்தார். "விருந்தாளிய இழுத்துட்டுப் போக முடியாதுங்க. நான் விடை குடுக்கணும். குடுக்கமாட்டேன். உக்காருங்க, டீ ஆறுது."

அதிகாரி மொழிபெயர்ப்பாளன் மூலமாகக் கேட்டார், அன்றைக்கு அந்தக் கெட்டவன் இங்கே இருந்தது உண்மைதானே என்று. உண்மைதான் என்றார் சாஹிப்ஜான். திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தோர்பெக்கை அதற்குமேல் பொறுக்கவில்லை. "உங்க ஊர்ல ஒரு வீட்ல கொலைகாரன் வந்து சாப்பிட உக்காந்தா, வீட்டுக்காரரோட சேத்துத்தான் அடிப்பீங்களான்னு கேளு." மொழிபெயர்ப்பாளன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான், கேள்வியைவிடக் கொஞ்சம் சிறியதாக. அதிகாரி தேநீரைக் கீழே வைத்தார். பிறகு திரையைப் பார்த்து அவர் கேட்டது இது: நாங்கள் வந்திருக்காவிட்டால் உங்கள் அண்ணனுக்காக அவனை யார் தேடியிருப்பார்கள்? ஆட்டை விட்டுவிட்டு அவர் போனார். இரண்டு கேள்விகளும் குண்டோடு அந்த அறையிலேயே தங்கிவிட்டன.

மறுமாதம் பாஸ்குலின் ஆட்கள் வந்தார்கள். குண்டை எடுத்துப் போய் அந்நியர் முகாமிலேயே போடப்போகிறார்களாம். சாஹிப்ஜான் அதே பதிலையும் அதே தேநீரையும் கொடுத்தார்.

அதன் பின் வருடங்கள் ஓடின. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஊரார் வழக்கம்போல விருந்தறையில் கூடினார்கள், குண்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். அந்நியர் வந்தது நியாயமா இல்லையா என்பதைத் தவிர அந்தக் காலத்தில் பேச வேறென்ன இருந்தது? ஆனால் சத்தம் போட்டால் விருந்தாளிக்கு என்ன தோன்றுமோ என்று எல்லோருக்கும் பயம். ஆகவே மற்ற ஊர்களில் தலைப்பாகை உருண்ட அதே விவாதம் இங்கே கிசுகிசுப்பாக நடந்தது. கல்யாண ஊர்வலத்தின் மேல் விழுந்த குண்டில் இரண்டு மகன்களை இழந்த ஹாஜி நசர், பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பார்: "என் பசங்க என்ன பயங்கரவாதியா? மாப்பிள்ளைக்கு முரசு அடிச்சவனுங்கய்யா." மகள் மருத்துவச்சியாகிவிட்ட ரஹீம்தாத், அதைவிட மெல்லிய குரலில் சொல்வார்: "இல்லேங்கல மாமா. ஆனா இவனுங்க வராட்டி எம்பொண்ணு எழுத்தே பாத்திருக்காது. அவ கைல பொறந்த பிள்ளைங்கள என்ன கணக்குல சேக்குறது?" பிறகு இருவரும் ஒரே தட்டிலிருந்து காய்ந்த முசுக்கட்டைப் பழம் எடுத்துத் தின்பார்கள். குழந்தைகள் குண்டின் வாலில் செருப்பை மாட்டினால் மட்டும் சாஹிப்ஜானுக்குக் கோபம் வரும்.

தோர்பெக்கைக்கு வேறு கோபம். ரொட்டி சுடும்போதெல்லாம் புருஷனை ஒரு வாங்கு வாங்குவாள். "என்னத்துக்கு அத வான்னு கூப்ட்டீங்க?"

"வாய்ப் பழக்கம்டி."

"அந்தப் பழக்கம் அவனையுமில்ல காப்பாத்திருச்சு."

"என்னையும்தான் காப்பாத்துச்சு."

"அதான் முழுசாத் திட்டவும் முடியல," என்பாள். அவள் சொன்னது சத்தியம். ஒவ்வொரு நாளும் அந்த மூக்கைப் பார்ப்பாள். அண்ணனைக் கொன்றவன் எந்தத் திசையில் மூச்சு விடுகிறான் என்று தெரிந்துகொண்டே அடுப்பு மூட்டுவது லேசான காரியமில்லை. யாருக்கும் அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாம்.

ஒரு கோடையில் அந்நியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன வேகத்தில் பாஸ்குல் மலையிறங்கி வந்து அந்த வட்டாரத்துக்கே தலைவனாக உட்கார்ந்தான். முதல் வேலையாகப் பெண்கள் பள்ளியைப் பூட்டினான். மூக்கு நாள் முழுவதும் அவன் அலுவலகத்தையே பார்த்து அசையாமல் நின்றது. அந்த வருடக் குளிரில் சாஹிப்ஜானுக்குச் சிறுநீரகம் கெட்டது. சாவதற்கு முன் மனைவியைக் கூப்பிட்டார். "இனி அது உன் விருந்தாளி. 'உன் எதிர்ல நல்லது வரட்டும்'னு நீ விடை குடுத்தாப் போயிரும்."

"எங்க போகும்?"

"அது எங்க பாத்துட்டு நிக்குதோ, அங்கதான்."

துக்க வீட்டுக்கு எவரும் வரலாம், எவரையும் தடுக்க முடியாது. மூன்றாம் நாள் பாஸ்குல் வந்தான். ஊரே உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்து, கையேந்திப் பிரார்த்தித்து, அவனுக்கென்று விலகிய இடத்தில் அமர்ந்தான். மூக்கு திரும்பி வந்து அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. தாடி நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. தோர்பெக்கை திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே வந்தாள். அப்படி ஒரு பெண் அதுவரை வந்ததில்லை.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள்.

ஒருவரும் எழவில்லை. ரஹீம்தாத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "துக்க வீட்ல சாப்பிடாம எந்திரிக்கிற வழக்கம் நமக்கு இல்லியேக்கா." ஹாஜி நசர் அதை ஆமோதிப்பதுபோல ஒரு ரொட்டியைப் பிய்த்தார். அந்நியரை அத்தனை வருடம் சபித்தவரும் வாழ்த்தியவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். விடை கொடுக்கும் சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"என் அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?"

பாஸ்குல் யோசித்தான். பொய் சொல்ல நினைத்ததாகத் தெரியவில்லை. "ஞாபகமில்ல," என்றான். "நிறையப் பேரு."

"அப்ப ஞாபகம் வர்ற வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இங்க வந்து உக்காரு. வராட்டி, நீ உன் வீட்ல பிள்ளைங்களோட படுத்திருக்கும்போது நான் இதுக்கு விடை குடுத்துருவேன்."

அந்தச் சிவந்த முகத்து அதிகாரியின் வாயிலிருந்து வரவேண்டிய பேச்சு தன் வாயிலிருந்து வந்ததே என்று அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அப்படி ஒருநாளும் செய்யமாட்டாள். ஆனால் அது அவனுக்குத் தெரியாது.

அவன் வந்தான். முதலில் காவலாட்களோடு வண்டியில் வந்தான். பிறகு அவன் கூட்டத்து இளையவர்களே அவனைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள், கழுதையில் வந்தான். பிறகு கோலூன்றி நடந்து வந்தான். மூக்குக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி, எவனெவனோ கடைசியாகச் சொன்னதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னான். சிலர் தண்ணீர் கேட்டிருந்தார்கள், சிலர் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவன் செருப்புக்கு இன்னும் காசு கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் தோர்பெக்கை, "இது என் அண்ணன் இல்ல," என்பாள், தேநீர் ஊற்றுவாள்.

ஆப்பிள் பூத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தேநீரை வாயில் வைத்தவன் அப்படியே கீழே வைத்தான்.

"வகுப்பு நடந்துட்டிருந்துச்சு," என்றான். "உங்கண்ணன் சொன்னாரு, 'பிள்ளைங்க பாக்க வேண்டாம், என்னை வெளிய கூட்டிட்டுப் போ'ன்னு."

"நீ என்ன பண்ணின?"

"வெளிய கூட்டிட்டுப் போனேன்."

தோர்பெக்கை அழுதாள். அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து, சத்தமாக, குண்டுக்கு என்ன தோன்றுமோ என்ற கவலையே இல்லாமல் அழுதாள். அது அண்ணனேதான், வேறு யாரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவின் இரண்டு பலகைகளையும் திறந்தாள்.

"வா, வெளிய போவோம்."

யாரைச் சொன்னாள் என்று இருவரும் கேட்கவில்லை. பாஸ்குல் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தான். குண்டும் வந்தது, நிலையில் இடிக்காமல் சற்றுத் தாழ்ந்து. அவள் முன்னால் நடக்க, அவன் அடுத்து நடக்க, அவன் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் அது மிதந்துபோனதை ஆப்பிள் தோப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கடைசி வீடு தாண்டி, கடைசிக் கிணறு தாண்டி, ஆட்டுக்கிடை போடுகிறவர்கள்கூடப் போகாத பொட்டல்வெளி வரைக்கும் போனார்கள். அங்கே ஒரு கல்லைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள். விடை கொடுக்கும் சொல்லை அவள் சொல்வாள் என்று அவன் கண்ணை மூடிக் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் தனியாக வீடு திரும்பிக் கூரை ஓட்டைக்குக் களிமண் குழைத்தாள்.

அவன் எழுந்து போகலாம், யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் எங்கே போனாலும் அது பின்னால் வரும், அங்கே யாராவது இருப்பார்கள். அதனால் அவன் போகவில்லை.

விருந்தறையில் இப்போது மனம்போலக் கத்தலாம். முதல் வெள்ளிக்கிழமையே ஹாஜி நசரின் தலைப்பாகை உருண்டது, ரஹீம்தாத்தின் சட்டை கிழிந்தது, அந்நியர் வந்தது நியாயமா என்பது மட்டும் முடிவாகவில்லை. சண்டை ஓய்ந்ததும் தோர்பெக்கை இரண்டு தட்டில் ரொட்டியும் இரண்டு கோப்பையும் எடுத்துக்கொண்டு பொட்டலுக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு வாரமும் கிளம்புகிறாள். ஒரு தட்டு காலியாகத் திரும்பி வரும், இன்னொன்று வைத்தது வைத்தபடி வரும். விருந்தாளிக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று சொல்லி, அந்த ரொட்டியை அவள் ஆடுகளுக்குப் போடுகிறாள்.