லேகியக்காரருக்கு ரத்தப் பரிசோதனை

என் வீட்டுக்காரர் மூலிகை மருந்துக் கடை வைத்திருக்கிறார். நான் ரெண்டு தெரு தள்ளி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் கொழுப்பு குறைய சூரணம் இடித்துக் கொடுக்கிற மனுஷன், தன் ரத்தத்தைக் காட்டச் சொன்னால் மட்டும் சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் பிடித்து உட்காரவைத்து ஊசி குத்தியேவிட்டேன். கெட்ட கொழுப்பு தாறுமாறாக ஏறிக் கிடந்தது.

அவர் அண்ணன் ஐம்பது வயசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இவருக்கு நாற்பத்தொன்பது.

டாக்டர் மாத்திரை எழுதினார். இவரா விழுங்குவார்?

"மருதம்பட்டை, வெந்தயம், பூண்டு, என் கடையில இல்லாததா? நான் மாத்திரை போடறதை யாராவது பார்த்தா, அப்புறம் என் சூரணத்தை எவன் வாங்குவான்?"

"உங்களுக்கு மானம் பெருசா, உசுரு பெருசா?"

"மூணு மாசம் குடு. குறையலைன்னா நீ சொல்றபடி கேக்கறேன்."

சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகத்தான் இருந்தார். காலையில் கசாயம், ராத்திரி சூரணம், சாயங்காலம் நடை. பொரித்தது எதையும் நான் வீட்டில் அண்டவிடவில்லை. மூணு மாசம் கழித்துப் பார்த்தால் எண் இன்னும் மேலே! "உன் மெஷின் கோளாறு" என்றார். எனக்கு வந்த கோபத்தில், லீவு போட்டுவிட்டு அவர் கடையிலேயே போய் உட்கார்ந்தேன்.

பின்பக்கம் அடுப்பில் லேகியம் கொதித்தது. வெல்லப் பாகு, மருந்துப் பொடி, மேலே மிதக்க மிதக்க நெய். கிளறினார், கரண்டியில் எடுத்தார், ஊதினார், நாக்கில் போட்டுச் சப்புக்கொட்டினார். "பதம் வரலை." இன்னும் கொஞ்சம் நெய், மறுபடி வாய். சாயங்காலத்துக்குள் முப்பத்தோரு கரண்டி!

"என்னங்க இது?"

"எது?"

"வாயில போட்டுக்கிட்டே இருக்கீங்களே!"

"இதுவா? இது சாப்பாடாம்மா? பதம் பாக்கறேன். தொழில்!"

பாவி மனுஷன், பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக அதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீங்க இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கேட்டேவிட்டேன். அவர் அடுப்பை அணைத்தார். நான் பையிலிருந்து எடுத்த மாத்திரைக்குக் கை நீட்டினார்.

அதன்பிறகு மாத்திரை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சூரணம், லேகியத்தை வாயில் போடாமல் விரலில் உருட்டிப் பார்க்கிற பதம். அடுத்த சோதனையில் எண் நன்றாக இறங்கிவிட்டது. ரிப்போர்ட்டோடு கடைக்கே ஓடினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியார் நின்றுகொண்டு, "உங்க சூரணம் நிஜமாவே கொழுப்பைக் குறைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார் இவர். போச்சு, இனி பீற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, சூரண டப்பாவுக்குப் பக்கத்தில் பகிரங்கமாக வைத்தார்.

"எனக்கும் ஏறிக் கிடந்துச்சு சார். ரெண்டையும் சாப்பிட்டேன், நெய்யையும் விட்டேன். எது குறைச்சுதுன்னு சத்தியமா தெரியாது. முதல்ல டாக்டரைப் பாருங்க. ரத்தம் குடுக்கணும்னா இவங்ககிட்ட குடுங்க. கை முரடு சார், ஆனா லேசுல சாக விடமாட்டாங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க சார்" என்றுதான் வந்தது.