பாலம் காலி

சிராங்கூன் சாலையில் நகைக்கடைக்கு மேல்மாடி அலுவலகத்தில், போர் நடக்கும் நாடுகளின் வரைபடங்களுக்கு நிறமிடுவதுதான் அபிகேலின் வேலை. பயணிகளும் நிவாரண ஊழியர்களும் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது.

அன்று காலை, அப்படியொரு நாட்டில் லாரி ஓட்டும் தஞ்சாவூர்க்காரர் தங்கராஜு குரல்பதிவு அனுப்பியிருந்தார். "வடக்குப் பாலம் காலி மேடம்."

இங்கேயே ஈசூனில் பிறந்து வளர்ந்த அபிகேலுக்குக் காலி என்றால் காலி இருக்கை, காலி வீடு. படை விலகிவிட்டது போலும் என்று பாலத்தைப் பச்சையாக்கினாள்.

மதியம் சாப்பாட்டுக் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற கட்டுமானத் தொழிலாளி, நொறுங்கிப்போன கைப்பேசியை நண்பனிடம் நீட்டினான். "மாடியிலேருந்து விழுந்துச்சுடா. போன் காலி."

அபிகேல் வரிசையிலிருந்து விலகி வந்து தங்கராஜுவை அழைத்தாள்.

"காலின்னா காலிதான் மேடம். குண்டு போட்டுட்டான். பாதி ஆத்துல கெடக்கு. கிட்ட எவன் போனாலும் சுடுறான்."

தேவாலயத்தில் அவளோடு பாடும் மருத்துவமனைத் தாதி மிரண்டா, மருந்து வண்டியில் அந்தப் பாலத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அந்த வண்டியை அனுப்பிய நிவாரண அமைப்பில் இருக்கும் சாயிரா பானுவை அபிகேல் அழைத்தாள்.

"உங்க மேப்புல பச்சைதானே லா காட்டுது? அத மாத்துங்க, உடனே வண்டிய நிறுத்துறேன். சும்மா வாயால சொன்னா நிறுத்த முடியாது."

சிவப்பாக மாற்ற மேலாளர் எட்மண்டின் ஒப்புதல் வேண்டும். அலுவலகத்துக்கு ஓடி நடந்ததைச் சொன்னாள்.

"சிவப்பாக்க ரெண்டு பேர் சொல்லணும், அபிகேல்."

"பச்சைக்கு மட்டும் ஒருத்தர் போதுமா சார்?"

"பச்சைக்கு எவனும் கம்ப்ளெயின் பண்றதில்ல. காலையில காலின்னா எம்ப்ட்டி, மத்தியானம் காலின்னா ஒடஞ்சதா? சாப்பாடு பலமோ?"

"நான்தான் சார் தப்பா புரிஞ்சுகிட்டேன். அவர் சரியாத்தான் சொன்னார்."

"அதே ஆள்தானே? இன்னொருத்தரக் கொண்டா."

அந்தப் பக்கத்தில் தெரிந்த எண்களையெல்லாம் அழைத்துப் பார்த்தாள். எவரும் எடுக்கவில்லை. கடைசியில் சாயிரா பானுதான் அவளாகவே கூப்பிட்டாள்.

"டிரைவர் பேசினாரு. பாலமே இல்லியாம். மிரண்டா இறங்கிப் பாக்கப் போயிருக்கா. சுட்டுட்டாங்க."

அபிகேல் அதை அப்படியே எட்மண்டிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

"இப்ப ரெண்டு பேர் ஆச்சு. சிவப்பாக்கிடு."