நாற்பத்தொன்றுக்கு ஒன்பது

எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் தங்கள் நேரத்தைக் கேட்டு வந்து நிற்பதற்கு முதலில் மன்னிப்பு வேண்டுகிறேன். திருப்பதியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பிறர் எழுதியவற்றை அடுக்கி வைப்பது என் பணி. அவற்றின் நடுவே சொந்தமாக ஒன்றைச் செருகும் துணிவு எப்படி வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. இது ஒரு காரின் பின் அச்சைப் பற்றிய கதை. பொறுக்க இயலாதவர்கள் இந்த இடத்திலேயே விடைபெற்றாலும் சற்றும் வருந்த மாட்டேன்.

கார் என் மனைவி ரோஹிணியுடையது. கறுப்புக் காண்டசா, நீண்ட மூக்கும் அகன்ற இடுப்புமாக, நின்றுகொண்டிருக்கும்போதே யாரையோ அடிக்கப் புறப்பட்டதுபோல் தோன்றும் பழைய வண்டி. ஸ்ரீசிட்டியில் இயந்திர வடிவமைப்பாளராக இருக்கும் ரோஹிணி, அதில் ஒரு ஜப்பானிய ஜீப்பின் எஞ்சினைப் பொருத்திவிட்டாள். பாவம், பழைய பின் அச்சு இவ்வளவு பலத்தை எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. முதல் அச்சுத்தண்டு ரேணிகுண்டா மேம்பாலத்தில் முறிந்தது. இரண்டாவது, என் மாமனாரும் மாமியாரும் உள்ளே அமர்ந்திருக்கையில், புத்தூர்ச் சாலையில் முறிந்தது. மாமனார் வரதராஜன் அங்கேயே மகளிடம் ஒரு வாக்கு வாங்கினார்: இன்னொரு தடவை அச்சு உடைந்தால் வண்டியை விற்றுவிட்டு வீடு கட்டும் வழியைப் பார்க்க வேண்டும். ரோஹிணி வாக்குக் கொடுத்தாள். இன்னொரு பழைய கார்ப் பிரியரான சித்தூர் தனசேகரோடு கார்ப்பந்தயம் வைத்துக்கொள்ள அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்ததை அவரிடம் அவள் சொல்லவில்லை.

ஆகவே வலிமையான அச்சு ஒன்றைத் தேடி, ரேணிகுண்டாவில் இஸ்மாயில் பாயின் பட்டறைக்குப் போனோம். அச்சுத்தண்டுகளையும் பல்சக்கரங்களையும் உள்ளடக்கிய இரும்புக் கூட்டை அங்கே 'ஹவுசிங்' என்பார்கள். சுவரில் இரண்டு சாய்ந்திருந்தன.

"இந்த ஜீப்பு ஹவுசிங்கே போட்டுக்குங்க மேடம். அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான்," என்றார் பாய்.

"ஷாஃப்டு எவ்ளோ தடிப்பு?" என்றாள் ரோஹிணி.

"உங்க பழசுக்கு அண்ணன்."

"அண்ணன் வேணாம் பாய், நைனா வேணும்."

"நைனா தோ சாஞ்சிகினு கீறாரு. வேன்ல இருந்து கழட்டனது. ஆனா இவரு ரொம்ப அகலம். மாட்டினா சக்கரம் ரெண்டும் வெளிய வந்து எட்டிப் பாக்கும்."

"பாக்கட்டும். குறுக்கணும்னா ஷாஃப்ட வெட்டணும். வெட்டி ஒட்டனா எங்க பலம் இருக்கும்?"

எங்கள் பழைய அச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று நான் தயக்கத்தோடு கேட்டேன்.

"நம்ம கார்ல சுமக்கறதும் சுத்தறதும் ஒரே ஷாஃப்டு," என்றாள் ரோஹிணி. "வேன்ல பாரத்த ஹவுசிங்கு சுமந்துக்கும், ஷாஃப்டு கவலையில்லாம சுத்தும். நம்ம ஊடு மாதிரி."

"சார்தான் ஹவுசிங்கு," என்றார் பாய்.

மூடியைக் கழற்றிக் காட்டினார். கிரவுன் என்னும் பெரிய சக்கரத்தில் நாற்பத்தொரு பற்கள். அதைச் சுழற்றும் சிறிய சக்கரத்தில் ஒன்பது. அத்தனையும் பழுதில்லாமல் மின்னின. ரோஹிணி விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருக்கையில், திருவள்ளூரிலிருந்து மாமனார் அழைத்தார்.

"எங்க கீறீங்க மாப்ள?"

"ரேணிகுண்டாலங்க மாமா. ஹவுசிங் பாக்க வந்தோம்."

அவர் குரல் இளகியது. "நெசமாவா. புடிச்சிதா?"

"ரோஹிணிக்கு ரொம்பப் புடிச்சிடுச்சுங்க. கிரவுனும் நல்லா இருக்கு."

"எத்தினி?"

"நாப்பத்தொண்ணுக்கு ஒம்போதுங்க மாமா."

"ஒம்போது பத்துமா?"

"பத்தும்னு சொல்றா."

"நாங்க எப்ப வந்து பாக்கறது?"

"ஞாயித்துக்கிழமை வாங்க. வடமாலபேட்டை லேஅவுட்டுல."

ஓர் அச்சின்மேல் மாமனாருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

அந்த மனைப்பிரிவில் ஒரு வீடுகூட இன்னும் எழும்பவில்லை. எண் எழுதிய கற்களும், நடுவே அம்புபோல் ஒரு தார்ச்சாலையும்தான். பழைய கார் பிரியர்கள் ஓட்டிப் பார்க்க உரிமையாளர் இசைந்திருந்தார். தனசேகரோடு பந்தயம் அன்று அங்கேதான்; வேன் அச்சைப் பொருத்தித் தந்த பாயும் வந்திருந்தார். பேருந்திலிருந்து இறங்கி வந்த மாமனாரின் பையில் நான்கு செங்கற்கள் இருந்தன. மாமியார் தனபாக்கியம் எலுமிச்சையும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தார். மாமனார் ஒரு கல்லிலிருந்து ஒன்பது அடி அளந்துவிட்டுக் கவலையோடு நின்றார்.

"மாப்ள, இந்த அகலத்துல ஊடு கட்னா, படுத்துகினு பொரள முடியுமா?"

"ஊடுங்களா மாமா?"

எங்கள் பக்கத்தில் மனையைச் சென்டில் அளப்பார்கள், திருவள்ளூரில் கிரவுண்டில். நான் சொன்ன ஹவுசிங் அவர் காதில் வீட்டுமனையாகவும், கிரவுன் கிரவுண்டாகவும், பற்களின் எண்ணிக்கை அடிக்கணக்காகவும் ஆகியிருக்கிறது. விளக்கினேன். மாமியார் சிரிப்புத் தாளாமல் பதினேழாம் எண் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த இரும்புக்கா நான் செங்கல் தூக்கினு வந்தேன்," என்று காரின் அடியில் குனிந்து பார்த்தார் மாமனார். பிறகு மகளிடம் திரும்பினார். "வாக்கு வாக்குதாம்மா. இன்னிக்கி ஒடஞ்சா, ஒரு நல்ல மனையா பாத்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்."

"சரி நைனா," என்றாள் ரோஹிணி.

"கொணாந்தத திருப்பித் தூக்கினு போவ முடியாது," என்று மாமியார் அந்த அச்சுக்கே கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை வைத்தார்.

கொடி இறங்கியது. எலுமிச்சைகள் வெடித்தன. கறுப்புக் காண்டசா மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்சக்கரங்கள் இரண்டையும் பயில்வானின் முழங்கைகள்போல் அகட்டிக்கொண்டு பாய்ந்தது. அந்த உலுக்கலில் பின் கண்ணாடி முழுதாகக் கழன்று, சாலையில் ஒரு கணம் அமைதியாகப் படுத்திருந்து, பின்பு பொடியாயிற்று. சைலன்சர் தனியே உருண்டு வயலுக்குள் போனது. ஆனாலும் தனசேகரின் சிவப்புக் கார் பின்தங்கிவிட்டது. நூலகத்தில் பிறர் இருமினாலும் முகம் சுளிக்கும் நான், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி ஒருவர் ஓடினார். என் மாமனார்தான்.

"உடாத ரோஹிணி, அழுத்து, அழுத்து."

அப்போது அடியிலிருந்து 'டமால்' என்றது. எஞ்சின் வீணாக அலறியது. கார் ஓசையின்றி உருண்டு, எல்லைக் கோட்டுக்கு ஓர் எருமை நீளம் முன்னதாகவே நின்றது. தனசேகர் தாண்டிப் போனார்.

இறங்கிய ரோஹிணி கதவைப் பிடித்தபடியே நின்றாள். பாய் படுத்து உள்ளே நகரப் போனார்.

"நீ இரு பாய். நீ அவ கட்சி," என்று அவரை விலக்கிவிட்டு, மாமனார் வெள்ளை வேட்டியோடு தாரில் படுத்து, காருக்கு அடியில் போனார். தட்டும் ஓசை கேட்டது. பின்பு இன்னும் பலமாகத் தட்டும் ஓசை. ரோஹிணி கண்களை மூடிக்கொண்டாள்.

"ஹவுசிங் கல்லு மாதிரி கீது," என்றது உள்ளிருந்து குரல். "இதுக்கு முன்னாடி கீற நீளத் தடிதான் ரெண்டாப் பூட்ச்சி."

"அப்ப, நைனா?"

"பேச்சு அச்சுக்குத்தாம்மா. தடிக்கு இல்ல. வண்டிய வெச்சிக்கோ." மறுபடி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வண்டி சூப்பராப் போச்சுடி," என்றார்.

ரோஹிணியும் கீழே படுத்து, அவர் பக்கத்தில் நகர்ந்து போனாள். இருவரும் சிரிப்பது கேட்டது.

அன்று இழந்தவை: பின் கண்ணாடி ஒன்று, சைலன்சர் ஒன்று, எஞ்சினின் பலத்தை அச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டு ஒன்று, கியர்பெட்டியின் பின்மூடி, எலுமிச்சம்பழம் நான்கு, மாமனாரின் வேட்டி, அவருடைய இடக்கால் செருப்பு, பந்தயம்.