முந்நூறு கடல் மைல்

வெளிநாட்டில் இரண்டு ஆண்டு படித்து, இருநூற்றுப் பதினோரு மணி நேரம் பறந்து, வணிக விமானி உரிமத்தோடு திரும்பி வந்தபோது, மலையேறி முடித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். விமானத்துறை அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில் இருந்த எழுத்தர் அந்த உரிமத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

“இது அங்க பறக்குறதுக்கு மேடம். இங்க பறக்க நம்ம லைசென்ஸ் வேணும். மூணு பரீட்சை, அப்புறம் ரேடியோ பரீட்சை, மெடிக்கல், பறந்து காட்டுற டெஸ்ட். ‘ஆமா, இது நாங்க குடுத்ததுதான்’னு அந்த நாட்டுல இருந்து ஒரு கடிதமும் வேணும். எல்லாம் சேந்தா ஃபைல மேல அனுப்புவேன்.”

“எத்தனை நாள் ஆகும் சார்?”

“பாதி உங்க கையில, பாதி எங்க கையில. எங்க பாதி கொஞ்சம் மெதுவாத்தான் நடக்கும்.” அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார்.

அவள் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அண்ணி முன்னறையையே தையல் கடையாக்கியிருந்தாள். வானிலைப் பரீட்சையிலும் வழி காணும் பரீட்சையிலும் முதல் தடவையே தேறியவள், சட்டவிதிப் பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். அன்று சாயங்காலம் அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

“நான் கேக்குறேன், நீ சொல்லு. ரெண்டு விமானம் எதிரெதிர வந்தா?”

“ரெண்டுமே வலது பக்கம் ஒதுங்கணும் அண்ணி.”

“நல்ல சட்டம். நம்ம சந்துல ரெண்டு சைக்கிள் வந்தாலே ஒருத்தனும் ஒதுங்க மாட்டேங்குறான்.”

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. இரண்டாம் தடவை தேறினாள். ரேடியோ பரீட்சை, மருத்துவச் சோதனை, பறந்து காட்டும் தேர்வு எல்லாம் முடிந்தன. வெளிநாட்டுக் கடிதம் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பதினாலு மாதம், இருபத்திரண்டு நினைவூட்டல்கள். ஒருவழியாகக் கடிதம் வந்து ஃபைல் மேலே போனது. மூன்றே வாரத்தில் கீழே வந்துவிட்டது.

சரிபார்க்கும் அதிகாரி கறாரான பெண்மணி. அவள் பறந்ததையெல்லாம் குறித்துவைத்திருந்த லாக் புக்கில் ஒரு வரியின்மேல் பென்சிலை வைத்தார்.

“ஒரே பயணத்துல தனியா முந்நூறு கடல் மைல் பறந்திருக்கணும். நடுவுல ரெண்டு வேற நிலையத்துல இறங்கி ஏறியிருக்கணும். இதுல இருநூத்தி எண்பத்திரண்டுதான் வருது.”

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. போகவேண்டிய இரண்டாம் நிலையத்தின்மேல் மேகம் இறங்கியிருந்தது. வழியை மாற்றிப் பக்கத்து நிலையத்தில் இறங்கினாள். அந்த நாட்டு விதிக்கு அந்தத் தூரமே தாராளம் என்பதால் அங்கே யாரும் கேட்கவில்லை.

“பதினெட்டு மைல்தானே மேடம்…”

“ஓடுதளத்துக்குப் பதினெட்டு மைல் முன்னாடி எரிபொருள் தீந்தா, ‘பதினெட்டுதானே’ன்னு விட்டுடுவீங்களா? மறுபடியும் பறந்துட்டு வாங்க. உங்க முதல் பரீட்சை இன்னும் ஏழு வாரத்துல காலாவதி ஆகுது. அத மனசுல வச்சுக்கோங்க.”

அவளோடு வெளிநாட்டில் படித்த நண்பன் ஒருவன் இங்கே ஏற்கெனவே துணை விமானியாக இருந்தான். அவனிடம் ஃபோனில் சொன்னாள்.

“ஒரே ஒரு வரி. முதல்ல திட்டம் போட்ட நிலையத்து பேரையே எழுதியிருந்தா தீந்துருக்கும். லாக் புக்கு தண்ணியில நனைஞ்சிடுச்சுன்னு புதுசா ஒண்ணு எழுதிக் குடு. யாரு அவ்வளவு தூரம் போய்ப் பாக்கப் போறா?”

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பது இருவருக்கும் தெரியும்.

“அன்னிக்கு மேகத்தப் பாத்துத் திரும்பினேன் பாரு, பறக்க ஆரம்பிச்சதுல இருந்து நான் எடுத்த நல்ல முடிவே அதுதான். அத இல்லைனு எழுதச் சொல்றியா? வச்சுடுறேன்.”

மறுநாளே பறக்கும் கழகத்துக்குப் போனாள். அங்கே ஓடும் நிலையில் இருந்தது ஒரே ஒரு சின்ன விமானம். அதில் பறக்கக் கிடைத்த முதல் நாளைப் பனிமூட்டம் தின்றது. இரண்டாவதாகக் கிடைத்த நாளில் மூக்குச் சக்கரத்தின் டயர் வெடித்திருந்தது. மாற்று டயர் வர இரண்டு வாரம் பிடித்தது. “சாண் ஏறினா முழம் சறுக்குது” என்றாள் அண்ணி. “சறுக்கட்டும் அண்ணி. முழத்துக்கு முழம் ஏறிக்கிறேன்.”

ஆறாம் வாரத்தில் மூன்றாவதாக ஒரு நாள் கிடைத்தது. எரிபொருள் கணக்கை இரண்டு தடவை போடவைப்பதால் தலைமைப் பயிற்சியாளருக்குக் கழகத்தில் ‘கணக்கு’ என்று பெயர். அவர் அவளுடைய தாளைப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

“ஆறு பத்துக்கு சூரியன் மறையும். அஞ்சு ஐம்பதுக்கு நீ தரையில இருக்கணும். இல்லைன்னா என் வேலை போயிடும், உனக்கு வேலையே வராது.”

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு மைல், முக்கோண வழி. பத்து மணிக்குக் கிளம்பி முதல் நிலையத்தில் சுத்தமாக இறங்கினாள். அங்கிருந்து ஏறி இருபது நிமிடம் போயிருப்பாள், எதிரே சாம்பல் நிறச் சுவர் எழுந்து நின்றது. மேலே இடமில்லை, கீழே குன்றுகள். அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். வானம் வேண்டுமென்றே பழி வாங்குவதுபோல இருந்தது. ஒரு நிமிடம் நேராகவே போனாள். பிறகு விமானத்தைத் திருப்பினாள். திரும்பி வருவதாக நிலையத்தின் கட்டுப்பாட்டு டவருக்கு ரேடியோவில் சொன்னாள்.

முதல் நிலையத்திலேயே மீண்டும் இறங்கினாள். தீயணைப்பு வண்டிக்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

“என்னம்மா, வண்டியில கோளாறா?”

“இல்லண்ணே. மேகம்.”

“அதுக்கு யார்கிட்ட போய் கம்ப்ளைண்ட் எழுதிக் குடுக்குறது.”

இறக்கை நிழலில் உட்கார்ந்து கணக்கை மீண்டும் போட்டாள். மூன்று மணிக்குள் கிளம்பினால் வெளிச்சத்திலேயே வீடு சேரலாம். மூன்றுக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் இன்று போகக்கூடாது என்று தாளில் எழுதி அடிக்கோடிட்டாள். எரிபொருள் நிரப்பினாள். அரை மணிக்கு ஒருமுறை டவரில் வானிலை கேட்டாள். இரண்டே முக்காலுக்கு, குன்றுகள் தெரிகின்றன என்றார்கள்.

மூன்றுக்கு முன்பே கிளம்பினாள். இரண்டாம் நிலையத்தில் இறங்கி, கையெழுத்து வாங்கி, நாலேகாலுக்கு ஏறினாள். கடைசிப் பாதையில் எதிர்காற்று. நிமிடத்துக்கொரு முறை நேரத்தைப் பார்க்கும் கண்ணைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொரு அடையாளமாக எண்ணிக்கொண்டு வந்தாள்: பாலம், தண்டவாளம், ஏரி, புகைபோக்கி. ஐந்து நாற்பத்தொன்றுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. இன்ஜினை அணைத்த பிறகுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது.

திரும்பியதையும் காத்திருந்ததையும் உள்ளபடியே லாக் புக்கில் எழுதினாள். அதிகாரி அந்த வரிகளை மெதுவாகப் படித்தார். மைல்களைத் தானே கூட்டினார். ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.

பரீட்சை காலாவதியாவதற்கு இரண்டு நாள் முன்னால் நான்காம் ஜன்னலில் உரிமம் வந்தது. “ஃபோட்டோ நல்லா வந்திருக்கு மேடம்” என்றார் எழுத்தர். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, படியிறங்கும்போதே அண்ணியை அழைத்தாள்.

“அண்ணி, வந்திடுச்சு.”

“வந்திடுச்சா?” பின்னால் யாரோ பேசும் சத்தம். “இடுப்பளவு எடுத்துக்கிட்டிருக்கேன்டி, டேப்பு கையில இருக்கு. அஞ்சே நிமிஷம், நானே கூப்பிடுறேன். எங்கயும் போயிடாத.”

அவள் அலுவலகச் சுவரோரம் நின்று, உரிமத்தைப் பையில் வைக்காமல், ஐந்து நிமிடமும் கையிலேயே வைத்திருந்தாள்.