தெரிந்தும் சொல்லாதவர்

ஒரு தோள் மற்றதைவிட இரண்டு விரல்கடை உயர்ந்திருந்தது. பள்ளிச் சீருடைக்கு அளவெடுத்த தையல்காரி, தன் எட்டு வயது மகளை மூன்று தடவை திருப்பி நிறுத்திப் பார்த்தாள்.

"பை கனம். அதுல சாஞ்சிருக்கும், விடு," என்றார் கணவர்.

அவள் விடவில்லை. மறுநாளே மூவரும் எலும்பு மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

மருத்துவர் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "முதுகெலும்புல பிறவிக் கோணல். ரெண்டு வருஷம் முன்னாடி இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேலயே தெரிஞ்சுதே. ஆபரேஷன் வேணும்னு சார்கிட்ட அப்பவே சொன்னோமே!"

கணவர் தரையைப் பார்த்தார்.

"அப்பவே பண்ணியிருந்தா?" என்றாள் அவள்.

"பாதியா வளர்ந்த எலும்பை எடுத்துட்டு, மேல கீழ ரெண்டை மட்டும் ஒட்ட வெச்சிருப்போம். இப்ப வளைவு அதிகம். அஞ்சு எலும்பைச் சேர்த்துக் கம்பி வெக்கணும். ஒட்டின இடம் இனி வளராது."

நடைபாதைக்கு வந்ததும் கணவர் வாய் திறந்தார். "முதுகுல கத்தி வெச்சா கால் விளங்காமப் போயிடும்னு பயந்துட்டேன். உங்கிட்ட சொன்னா அன்னிக்கே ஆபரேஷனுக்குப் படுக்க வெச்சிருப்ப."

"வெச்சிருப்பேன்! நீ யாரு அதை மறைக்க?"

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவரை அவள் 'நீ' என்றது அதுவே முதல் தடவை. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. நடைபாதையின் இரண்டு கோடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாங்கி வந்து வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது, அவள் தொடவில்லை.

மயக்கம் தெளிந்ததும், "கால் விரலை ஆட்டு பாப்பா," என்றாள் செவிலி. வலது கால் விரல்கள் அசைந்தன. இடது காலில் ஒன்றும் காணோம். தாய்க்கு உயிரே போய்விட்டது. செவிலி உரக்க ஒரு அதட்டுப் போட்டபின் இடது பெருவிரல் மெல்ல நிமிர்ந்தது. கணவர் விசும்பி அழுதார். அவரைத் தேற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மகள் கேட்டாள். "அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. என்னைய யாரு கேட்டா?"

உடம்பைத் திருப்ப முடியாததால் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவளை எழுப்பி நிறுத்தினார்கள். வலியில் பல்லைக் கடித்தபடி நான்கு எட்டு வைத்தாள். வாசலில் நின்ற அப்பா கை நீட்டி முன்னால் வந்தார்.

"அவர் வேணாம்," என்று செவிலியிடம் சொல்லிவிட்டு ஐந்தாவது எட்டை எடுத்து வைத்தாள்.